ஒரே லென்ஸ், இரண்டு கேமரா: டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் ஆட்டோஃபோகஸை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வாங்கலாமா, மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது) வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் "மிரர்லெஸ்தான், ஃபோகஸ் வேகம்" என்ற பதில்தான் வரும். அது பாதிதான் சரி. நல்ல வெளிச்சத்தில், ஃபிரேமின் நடுவில் அசையாமல் நிற்பவரைப் பிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் எங்கே தெரியும் என்பதை ஒரு மாலைப்பொழுதில் நீங்களே பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு கேனான் 1500டி (2018), கேனான் ஆர்50 (2023) இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே சுமார் 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன அளவு), புதியவர்களுக்கான மாடல்கள். கையில் ஒன்றுதான் இருக்கிறதென்றால் இன்னொன்றை நண்பரிடம் கேளுங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

படி 1: லென்ஸ் ஒன்றாக இருக்கட்டும்

கூடவே வரும் கிட் லென்ஸைப் போட்டு ஒப்பிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். இஎஃப் 50மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் பலரிடமும் இருக்கும். 1500டியில் அதை நேராகப் பொருத்தலாம். ஆர்50யில் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வழியாக. அந்த அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, அதனால் படத்தின் தரம் மாறாது. எஃப்/1.8ல் 1 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ.க்கும் குறைவு. ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிகான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, அடாப்டருக்குள் மோட்டார் இல்லை.

படி 2: எது எங்கே அளக்கிறது?

இது புரிந்தால்தான் மற்ற சோதனைகளுக்கு அர்த்தம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடி மேலே வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடுகிறது. ஒரு பகுதி அந்தக் கண்ணாடியை ஊடுருவி, பின்னால் உள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. ஆக, ஃபோகஸை அளப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது வேறொரு சென்சார். இரண்டும் இருக்க வேண்டிய தூரத்தில் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பிவிடும். அந்த நேரத்தில் ஃபோகஸ் சென்சாருக்கு எதுவும் தெரியாது.

மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கும் சென்சாரே அளக்கிறது. கேனானின் டூயல் பிக்சல் முறையில் ஒவ்வொரு பிக்சலும் இடம் வலமாக இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் காணும் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2013ல் இந்த முறை முதலில் வந்தது 70டி என்ற டிஎஸ்எல்ஆரில், லைவ் வ்யூவுக்காக (வ்யூஃபைண்டருக்குப் பதில் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை).

படி 3: செட்டிங்

இரண்டிலும் ஏவி மோட் (எஃப் எண்ணை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப்/1.8, ஐஎஸ்ஓ ஆட்டோ. 1500டியில் ஏஐ ஃபோகஸை விட்டுவிட்டு ஒன் ஷாட் (ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிவிடும் முறை) வையுங்கள், நடு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஆர்50யில் ப்ரிவ்யூ ஏஎஃப்-ஐ அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பட்டனைத் தொடும் முன்பே அது ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும். ஆர்50க்குக் கூடுதல் பேட்டரி அவசியம்; சென்சாரும் திரையும் எப்போதும் விழித்தே இருப்பதால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

படி 4: ஸ்கேல் சோதனை

ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, நடு எண்ணுக்கு நேராக ஒரு அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். கேமரா டிரைபாடில் இருக்கட்டும். பெட்டியில் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றி, ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிக் கலைத்துவிட்டு, மறுபடி ஏஎஃப்-க்கு மாற்றுங்கள். அப்புறம் கணினியில் நூறு சதவீதத்தில் பாருங்கள்.

ஆர்50 அநேகமாக எல்லாப் படத்திலும் பெட்டியிலேயே நிற்கும். 1500டி படங்கள் எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நின்றால், படி 2ல் சொன்ன கோளாறு இருக்கலாம். உறுதிசெய்ய, அதே 1500டியில் லைவ் வ்யூவைப் போட்டு எடுங்கள். அப்போது கண்ணாடி ஒதுங்கி, படச் சென்சாரே அளக்கும். லைவ் வ்யூவில் சரியாக விழுந்து வ்யூஃபைண்டரில் மட்டும் தப்பினால், ஃபோகஸ் சென்சாரும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நிகான் டி850 போன்ற விலை கூடிய மாடல்களில் இதை மெனுவிலேயே திருத்தலாம். 1500டியில் அந்த வசதி இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

லைவ் வ்யூவில் 1500டி முன்னும் பின்னும் தடவித் தடவி ஃபோகஸ் பிடிப்பதையும் கவனியுங்கள். அது கான்ட்ராஸ்ட் முறை, அதாவது படம் எங்கே மிகத் தெளிவாகிறது என்று லென்ஸை நகர்த்தித் தேடுவது. ஆரம்பகால மிரர்லெஸ் கேமராக்கள் இந்த முறையையே நம்பியிருந்தன. "மிரர்லெஸ் மெதுவானது" என்ற பழைய பேச்சு அங்கிருந்து வந்தது.

படி 5: ஓரத்தில் ஒரு முகம்

ஒருவரை ஃபிரேமின் மேல் மூலையில் முகம் வருகிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். 1500டியில் இருப்பவை 9 புள்ளிகள், அவையும் நடுவைச் சுற்றி வைர வடிவில். மூலைக்கு எட்டாது. நடுவில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பினால், திருப்பும்போதே ஃபோகஸ் தளம் நகர்ந்து கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழலாம். ஆர்50யில் ஹோல் ஏரியா ஏஎஃப், கண்டறிய வேண்டியது 'மனிதர்', கண் கண்டறிதல் ஆன். ஃபிரேமில் முகம் எங்கே போனாலும் கட்டம் கண்ணிலேயே நிற்கும். போர்ட்ரெய்ட் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

படி 6: எதிரே நடந்து வருபவர்

இரண்டிலும் ஏவியிலிருந்து எம் மோடுக்கு மாற்றி, எஃப்/1.8, ஷட்டர் 1/500 வையுங்கள். 1500டியில் ஏஐ சர்வோ, ஆர்50யில் சர்வோ ஏஎஃப் (இரண்டுமே அசைபவரை விடாமல் பின்தொடரும் முறை). இரண்டிலும் தொடர்ச்சியாக எடுங்கள். 1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும், ஆர்50 எலக்ட்ரானிக் ஷட்டரில் 15 வரை போகும். அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல், எடுத்ததில் எத்தனை பங்கு தேறியது என்று பாருங்கள். மிக அருகில் வரும்போது இரண்டுமே தவறும். இந்த எஸ்டிஎம் லென்ஸின் மோட்டார் அவ்வளவு சுறுசுறுப்பில்லை, கேமராவைக் குறைசொல்லாதீர்கள்.

படி 7: கோடுகளும் இருட்டும்

ஜன்னல் பிளைண்ட் போலக் கிடைக்கோடுகள் மட்டும் உள்ள ஒன்றை எடுங்கள். பிக்சல் இடம் வலமாகப் பிரிந்திருப்பதால் ஆர்50 இங்கே தடுமாறும். 1500டியின் நடுப்புள்ளி குறுக்கு நெடுக்கு இரண்டையும் பார்க்கும் வகை என்பதால் சட்டென்று பிடித்துவிடும். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஃபோகஸைப் பூட்டி, மறுபடி நேராக்கினால் போதும்.

கடைசியாக விளக்கைக் குறையுங்கள். ஆர்50க்கு மைனஸ் 4 இவி (வெளிச்சத்தின் அளவு; எண் குறையக் குறைய இருட்டு) வரை ஃபோகஸ் பிடிக்கும் என்று விவரப் பட்டியலில் இருக்கும். அது எஃப்/1.2 லென்ஸோடு அளந்த கணக்கு. கூட வரும் 18-45மிமீ லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப்/6.3, கிட்டத்தட்ட ஐந்து ஸ்டாப் வெளிச்சம் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்). கல்யாண மண்டபம், மேடை நிகழ்ச்சி மாதிரி இடங்களில் எடுக்கப்போகிறீர்கள் என்றால், பாடியை மாற்றும் முன் அந்த 50மிமீ லென்ஸை வாங்குங்கள்.