'நைஸ்' என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது

பழைய ஆங்கில நூலிலோ சட்டம் பற்றிய கட்டுரையிலோ 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்ற தொடரைக் கண்டால், அதனை 'நல்ல வேறுபாடு' என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். 'நுட்பமான வேறுபாடு' என்பதே அங்குப் பொருந்தும்.

இச்சொல்லின் வேர், 'அறியாத' என்று பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். 'அறிதல்' என்னும் பொருளுடைய 'ஸ்கீரே' என்ற வினையோடு மறுப்பைக் காட்டும் முன்னொட்டு சேர்ந்து அது உருவாயிற்று. அதே வினையின் வழியில்தான் 'சயின்ஸ்' என்ற சொல்லும் பிறந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது, 'நைஸ்' என்பது அறிவற்றவரைக் குறித்தது. பின்னர் எதிலும் குறை காண்பவர், மிகுந்த கவனமுடையவர், துல்லியமானது, நுண்ணியது என்று படிப்படியாகப் பொருள் மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற இன்றைய பொருள் நிலைபெற்றது.

'மாவை நைஸாக அரைக்க வேண்டும்' என்று நம் வீடுகளில் சொல்லும்போது 'நுண்மை' என்ற பொருளே வெளிப்படுகிறது. அந்த வழக்கை நினைவில் வைத்துக்கொண்டால், பழைய ஆங்கிலத் தொடர்களின் பொருளை எளிதில் பிடித்துவிடலாம்.

பிரான்சின் 'நீஸ்' நகரத்தின் பெயரும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் (Nice) எழுதப்படுகிறது. ஆனால் அப்பெயருக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.