ஜூரி அழைப்பு வந்ததும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், ஜூரி அழைப்புக் கடிதத்துடன் பதறி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே புதிதாக வந்தவர்களும் செய்கிறார்கள். தேதியை மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குடிமகனா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறிப்பது

கடிதம் வந்துவிட்டதாலேயே தகுதியும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டுமன்றிப் பல இடங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்படுவதால், கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவருக்கும் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கும்கூட அழைப்பு வரும். ஆனால் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் ஜூரியாக அமர அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, அந்த நீதிமன்ற எல்லைக்குள் ஓராண்டு வசிப்பு, படிவத்தை நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் ஆகியவை வேண்டும்.

கிரீன் கார்டு வைத்திருந்த ஓர் அம்மாவுக்காக அவருடைய மகன் இணையத்தில் படிவத்தை நிரப்பினார். “இத்தனை வருஷமா இங்கதானே இருக்கோம்” என்று ‘ஆம்’ என்பதைச் சொடுக்கி அனுப்பியும் விட்டார். பிறகு குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், அமெரிக்கக் குடிமகன் என்று எப்போதாவது கூறிக்கொண்டதுண்டா என்ற கேள்வியில் வந்து நின்றார்கள். பொய்யாகக் குடியுரிமை கோரியதாக அரசு முடிவுசெய்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு நாடுகடத்தும் நடவடிக்கை வரைகூட அது போகலாம். ‘இல்லை’ என்று குறித்திருந்தால் நீதிமன்றம் பெயரை நீக்கியிருக்கும், அத்துடன் முடிந்திருக்கும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் சொடுக்கிவிட்டு வழக்கறிஞரைத் தேடி அலைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பெற்றோரின் படிவத்தைப் பிள்ளைகள் நிரப்பினால், ஒவ்வொரு கேள்வியையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு நிரப்புங்கள்.

குடிமகன் இல்லையே என்று கடிதத்தைக் குப்பையில் போடுவது

தகுதி இல்லாவிட்டாலும் பதில் அனுப்பியே ஆக வேண்டும்.

ஆங்கிலம் தெரியாது என்று நழுவுவது

குடியுரிமை நேர்காணலை ஆங்கிலத்தில் முடித்தவர்களே இப்படி எழுதுகிறார்கள். உச்சரிப்பு ஒரு காரணமே ஆகாது. சொல்வது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ்தான் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போகாமலே இருந்துவிடுவது

ஃபெடரல் நீதிமன்றம் 1,000 டாலர் வரை அபராதமோ 3 நாள் வரை சிறையோ விதிக்கலாம். அசௌகரியம் இருந்தால் தேதியை ஒத்திவைக்கக் கேளுங்கள். 70 வயதைக் கடந்தவர்கள் கேட்டால் பல ஃபெடரல் நீதிமன்றங்கள் விலக்கே அளிக்கின்றன.

வேலை போய்விடும் என்று அஞ்சுவது

ஃபெடரல் ஜூரிப் பணிக்காக நிரந்தர ஊழியரை வேலையைவிட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கும்படி அது கட்டாயப்படுத்துவதில்லை. நீதிமன்றம் நாளொன்றுக்கு 50 டாலர் தருகிறது.

தொலைபேசியில் அபராதம் கட்டுவது

ஜூரிப் பணிக்கு வரவில்லை என்று சொல்லி யாராவது தொலைபேசியில் அபராதம் கேட்டால் கட்டாதீர்கள். நீதிமன்றம் அப்படிப் பணம் கேட்பதில்லை.