வைஸ் எமுலேட்டரில் விட்டு விட்டு ஒலித்த இசை: என் அனுபவம்

லினக்ஸ் மடிக்கணினியில் கமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் வைஸ் எமுலேட்டரின் எக்ஸ்64எஸ்சி நிரல் வழியாக அந்தக் கணினியின் பழைய விளையாட்டுகளை ஓட்டியபோது, நொடிக்கு இரண்டு மூன்று முறை இசை அறுந்து அறுந்து கேட்டது. ஒலியைச் சற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பஃபரை 100 மில்லி நொடியிலிருந்து 300 வரை உயர்த்தியும், லினக்ஸின் ஒலி அமைப்புகளில் பல்ஸ்ஆடியோவை விட்டு அல்சாவுக்கு மாறியும், நொடிக்கான ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை 44100 இலிருந்து 48000 ஆக்கியும் மூன்று நாள்கள் போனதுதான் மிச்சம். பஃபரைக் கூட்டியதால் விசையை அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வந்தது, அவ்வளவே.

பின்னணியில் பிரவுசர் ஒரு கனமான பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இசை சீராகிவிடுவதைத் தற்செயலாகக் கவனித்தேன். சுமை கூடினால் ஒலி கெடத்தானே வேண்டும்? சாளரத்தின் அடியில் பார்த்தால், ஒலி அறுபடும் நேரத்தில் வேகம் 100 சதவீதத்துக்குப் பதில் 85 ஐ ஒட்டி நின்றது. பால் (PAL) எனும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான கமடோர் 64 இன் கடிகாரம் நொடிக்கு 9,85,248 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் துல்லியமாகப் பின்பற்றும் எக்ஸ்64எஸ்சி பின்தங்கினால் ஒலி மாதிரிகளே போதாமல் போகும், எவ்வளவு பெரிய பஃபரும் அதை ஈடுகட்டாது.

பேட்டரியை மிச்சப்படுத்த நானே எப்போதோ செய்த அமைப்பால், எமுலேட்டர் மட்டும் ஓடும்போது பிராசசர் 800 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே தேங்கியிருந்தது; பிரவுசரின் சுமையும் சேர்ந்தால்தான் அதன் வேகம் கூடியது. சிபியுபவர் கருவியால், பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் அமைப்பைப் 'பவர்சேவ்' நிலையிலிருந்து 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றியதும் வேகம் 100 இல் நிலைத்தது, இசையும் அறுபடவில்லை. பெரும் நிம்மதி. பஃபரை மீண்டும் 100 க்கே குறைத்துவிட்டேன்.