பத்திரிகைக் கட்டுரைக்கு மறுமொழிக் கடிதம் எழுதுவது எப்படி?

கொழும்பில் அச்சாகும் தேசியப் பத்திரிகையொன்றில் திருகோணமலையைப் பற்றிய கருத்துக் கட்டுரை வந்தால், தேநீர்க் கடையில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம். ஆசிரியருக்கு ஒரு வரி எழுதமாட்டோம். இதுவரை ஒரு கடிதமும் அனுப்பாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு தடவை வாசியுங்கள்

முதல் வாசிப்பில் கோபம் வந்தால் வரட்டும். இரண்டாவது வாசிப்பில் பேனையை எடுத்து, தகவலாகச் சொல்லப்பட்ட வரிகளின் கீழ்க் கோடிடுங்கள். அபிப்பிராயமாகச் சொல்லப்பட்டவற்றின் அருகே புள்ளி வையுங்கள். நூலகப் பிரதியாயின் வரிகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரேயொரு வரியைத் தெரிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லப் புகுந்தால் எதற்கும் பதில் சொன்னதாகாது. "திருகோணமலை சீனக்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகள் முழுவதும் இந்தியாவிடம் போய்விட்டன" என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கோடிட வேண்டிய வரி, ஏனெனில் சரிபார்க்கக்கூடியது. "இதனால் நாட்டுக்குக் கேடு" என்பது புள்ளி வைக்க வேண்டிய வரி. முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவதோடு வாதிடலாம், உடன்படவும் செய்யலாம். இரண்டையும் குழப்பினால் உங்கள் கடிதமும் அதே தவறைச் செய்யும்.

படி 3: கடிதத்தை எழுதுங்கள்

கட்டுரையின் தலைப்பும் வெளியான திகதியும் முதல் வாக்கியத்திலேயே வரவேண்டும். பிறகு இப்படித் தொடரலாம்:

"பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகளும் இந்தியாவிடம் சென்றுவிட்டதாகக் கட்டுரையாளர் கூறுகிறார். 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 14 தாங்கிகள் இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 தாங்கிகள் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் உள்ளன. எஞ்சிய 61 தாங்கிகள் இவ்விரண்டும் இணைந்த கம்பனிக்குரியவை. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். ஆகவே 'முழுவதும்' என்ற சொல் பொருந்தாது. ஆயினும், குத்தகைக் காலம் 50 ஆண்டுகள் என்பதால் அவருடைய கவலையை நான் ஒதுக்கவில்லை."

கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்பவர் சொல்லும் திருத்தத்தைத்தான் நான் நம்பி வாசிப்பேன்.

படி 4: நீங்கள் கண்டதைச் சேருங்கள்

காடு மூடிக் கிடக்கும் தாங்கிகளைக் கண்ணால் பார்த்தவர் நீங்களென்றால், எந்த இடத்தில், எப்போது பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். கொழும்பிலிருக்கும் ஆசிரிய பீடத்திடம் இல்லாதது அதுதான். பிறர் சொல்லக் கேட்டதை, கேட்டதாகவே குறிப்பிடுங்கள்.

ஓர் அரச அலுவலகத்திடமுள்ள எண்ணிக்கை தேவைப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். அவ்வளவு தாமதத்தை நாளேட்டுக் கடிதம் தாங்காது. ஆகவே கையிலுள்ளதை வைத்து இப்போது எழுதிவிட்டு, விண்ணப்பத்தை அடுத்த கடிதத்துக்காக அனுப்புங்கள்.

படி 5: அனுப்புங்கள்

200 சொற்களுக்குள் நிறுத்தி, முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எழுதி, இரண்டு மூன்று நாட்களுக்குள் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் பிரசுரமானால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆசிரியர் எந்த வாக்கியங்களை வெட்டினார் என்று பாருங்கள். அவை இல்லாமலும் கடிதம் நிற்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.