தண்ணி வாளிய சுத்திக் காட்டுறவங்க செய்யக்கூடாத தப்புகள்

போன மாசம் ஒரு கிராமத்து ஸ்கூல்ல அறிவியல் முகாம். எங்க கூட புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க தண்ணி வாளிய தலைக்கு மேல சுத்திக் காட்டுனாங்க, ஒரு சொட்டு சிந்தல, பிள்ளைங்க எல்லாம் வாயப் பொளந்து பாத்துச்சுங்க, அதுவரைக்கும் ரொம்ப நல்லாத்தான் போச்சு. அப்புறம் அதுல ஒருத்தன் மைக்க வாங்கி விளக்கம் சொன்னான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வகுப்புல நான் என்ன சொன்னேனோ அதே வார்த்தை, அதே தப்பு. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

வாளிய தளும்பத் தளும்ப நிரப்பாதீங்க, மேல ஃபேன் இருக்கான்னு பாருங்க, ஈரத் தரையில நிக்காதீங்க, இதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. அது ஒரு நாள் பட்டா யாருக்கும் தெரிஞ்சுடும். படாமலே பல வருஷம் கூடவே வர்ற தப்புதான் ஆபத்து.

"மையவிலக்கு விசை புவியீர்ப்ப கேன்சல் பண்ணிடுது"

தயவுசெஞ்சு இந்த வாக்கியத்த பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க. மையவிலக்கு விசைன்னா, சுத்துற பொருள வட்டத்துக்கு வெளிப்பக்கமா தள்ளுறதா சொல்ற விசை.

நான் சொன்னேன். வாளி உச்சியில இருக்கும்போது புவியீர்ப்பு கீழ இழுக்குது, மையவிலக்கு விசை மேல தள்ளுது, ரெண்டும் சரியாப் போச்சு, அதான் தண்ணி விழலன்னு போர்டுல ரெண்டு அம்புக்குறி போட்டுக் காட்டுனேன். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து, "அண்ணா, அப்ப உச்சியில இருக்கும்போது கைய விட்டுட்டா வாளி மேல போயிடுமா?"ன்னு கேட்டுச்சு. நான் ஒரு நொடி கூட யோசிக்காம "ஆமாம்மா, மேல போகும்"னுட்டேன். மூணு வருஷம் கழிச்சு அதே பொண்ணு ப்ளஸ் ஒன்ல ஃபிசிக்ஸ் பரிட்சையில உச்சிப் புள்ளிக்கு விசைப்படம் வரையச் சொன்ன கேள்விக்கு மேல பாத்த ஒரு அம்புக்குறி போட்டு மார்க்க விட்டுட்டு வந்து, "நீங்க சொன்னது தானேண்ணா"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரல. மார்க் போனது கூட பரவால்ல, அவ்வளவு நல்ல கேள்விய கேட்ட பிள்ளைக்கு நான் தப்பான பதில் கொடுத்து அத்தனை வருஷம் சுமக்க விட்டுட்டேன்.

சரி, உண்மையில என்ன நடக்குது? உச்சியில தண்ணி மேல ரெண்டு விசை இருக்கு, ரெண்டுமே கீழ பாத்துதான். ஒண்ணு புவியீர்ப்பு. இன்னொண்ணு கவுந்து கிடக்குற வாளியோட அடிப்பக்கம் தண்ணிய கீழ அழுத்துறது. மேல இழுக்குற விசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்புறம் ஏன் விழலங்கிறீங்களா? விழுது. தண்ணி விழுந்துக்கிட்டேதான் இருக்கு, ஆனா வாளி அதைவிட வேகமா கீழ வந்துடுது.

இத நம்பர் போட்டுப் பாத்தாத்தான் மனசுல நிக்கும். தோள்ல இருந்து தண்ணி வரைக்கும் 0.9 மீட்டர், வேகம் செகண்டுக்கு 5 மீட்டர்னு வெச்சுக்குங்க, அதாவது ஒரு சுத்துக்கு ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேல. உச்சியில இருந்து பத்துல ஒரு பங்கு செகண்ட் போகட்டும். அந்த நேரத்துல எந்தப் பொருளும் தன்னால விழுந்தா சுமார் 5 சென்டிமீட்டர்தான் விழும். ஆனா வாளி வட்டத்துல வளைஞ்சு வர்றதால அதே நேரத்துல 13 சென்டிமீட்டருக்கு மேல கீழ இறங்கிடுது. தண்ணி 5, வாளி 13. அப்ப வாளிதான் தண்ணிய கீழ தள்ளிக்கிட்டு வரணும், தண்ணி எப்படி வெளிய வரும்? இதே கணக்க செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துக்குப் போடுங்க, வாளி ரெண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும், தண்ணி அத முந்திக்கும், தலை நனையும். இந்த ஆரத்துக்கு எல்லைக்கோடு சுமார் 3 மீட்டர் வேகம், சுத்துக்கு 1.9 செகண்ட். இதுல தண்ணியோட எடை கணக்குலயே வராது, அரை லிட்டரோ மூணு லிட்டரோ அதே வேகம்தான்.

"ஆனா ப்ளஸ் ஒன் புக்லயே மையவிலக்கு விசைன்னு இருக்கே"ம்பாங்க. இருக்கு, போலி விசைன்னும் சேர்த்துத்தான் இருக்கு. வாளிக்குள்ள உக்காந்து கூடவே சுத்துற ஆளோட பார்வையில கணக்குப் போட்டா அது வேணும், வெளிய நின்னு பாக்குற பிள்ளைங்களோட பார்வையில அது இல்ல. ரெண்டு பார்வையையும் ஒரே படத்துல கலக்குறதுதான் குழப்பமே. அப்படியே உள்ள உக்காந்து பாத்தாலும் "கேன்சல்" ஆகுறது அந்த எல்லை வேகத்துல மட்டும்தான். அதுக்கு மேல சுத்துனா மிச்சம் இருக்கும், அந்த மிச்சம்தான் தண்ணிய வாளியோட அடியில ஒட்ட வைக்குது.

அந்தப் பொண்ணு கேட்டதுக்கு சரியான பதில என்னால வெறும் வாயால சொல்ல முடியல, ஸ்கூல் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் சின்ன பிளாஸ்டிக் வாளிய சுத்தி, எல்லாரையும் பின்னாடி தள்ளி நிக்க வெச்சுட்டு, உச்சியில கைய விட்டேன். வாளி மேல போகல. நேரா கிடைமட்டமா முன்னாடி போய், வளைஞ்சு, மூணு மீட்டருக்கு அந்தாண்ட விழுந்துச்சு. கைய விட்ட நொடியில எந்தத் திசையில போய்க்கிட்டு இருந்துச்சோ அந்தத் திசையிலயே போகப் பாக்குது, அதுதான் நிலைமம், கூடவே புவியீர்ப்பு கீழ இழுக்குது. அன்னைக்கு அது முகத்துல தெரிஞ்ச தெளிவு இருக்கே, அதுக்காகவே இந்த வேலைய விடாம செய்யுறேன்.

கவண் சுத்துறவங்களுக்கு இது கைப்பழக்கத்துலயே தெரியும். தினைக்காட்டுல கிளி ஓட்டுன காலத்துல இருந்து நம்மகிட்ட இருக்குற பொருள். கல்லு குறிய நோக்கி நீட்டிக்கிட்டு இருக்கும்போது வார விட்டா கல்லு பக்கத்துக் காட்டுக்குப் போயிடும், அதுக்குக் கால் வட்டம் முன்னாடியே விடணும். வெளிய தள்ளுற விசை நிஜமா இருந்தா கவண எறியுற முறையே வேறயா இருந்திருக்கும்.

உச்சிக்குப் போனதும் பயந்து கைய மெதுவாக்குறது

மெதுவாக்காதீங்க. நனைவீங்க.

உச்சியையே பாத்து பயந்து கைப்பிடிய மறந்துடுறது

எல்லாரும் ஆபத்து மேலதான்னு நினைக்கிறாங்க. வாளி அறுந்துக்கிட்டுப் போறது பெரும்பாலும் கீழ. அதே 5 மீட்டர் வேகத்துல உச்சியில கை இழுக்க வேண்டியது எடையோட 1.8 மடங்கு, கீழ வர்றப்ப 3.8 மடங்கு. 3 லிட்டர் தண்ணின்னா கீழ 11 கிலோவுக்கு மேல தொங்குற மாதிரி. பழைய பிளாஸ்டிக் வாளியில கைப்பிடி மாட்டுற காது வெயில்ல காய்ஞ்சு வெடிச்சிருக்கும், அது இத தாங்காது. ஒரு தடவை எனக்குப் பிச்சுக்கிட்டுப் போய் முதல் வரிசை பெஞ்சுக்கு அடியில விழுந்துச்சு, யார் மேலயும் படல. அதுக்கப்புறம் பிள்ளைங்கள எப்பவும் பக்கவாட்டுலதான் உக்கார வைக்கிறேன், வாளி சுத்துற தளத்துக்கு நேரா ஒருத்தரும் இருக்கக் கூடாது.

மரணக் கிணத்துக்கும் இதே விளக்கத்த சொல்றது

திருவிழாவுல மரணக்கிணறு பாத்துட்டு வந்த பிள்ளைங்க கண்டிப்பா கேக்கும். வாளி விளக்கம் அங்க செல்லாது. அங்க வட்டம் படுத்துக் கிடக்கு, புவியீர்ப்பு சுத்து முழுக்க பைக்க ஒரே மாதிரி கீழ இழுத்துக்கிட்டே இருக்கு. பலகைச் சுவர் பைக்க உள்பக்கமா தள்ளுது, அந்த அழுத்தத்தால டயருக்கும் பலகைக்கும் நடுவுல வர்ற உராய்வுதான் மேல தூக்கிப் பிடிக்குது. ஆரம் 5 மீட்டர், உராய்வுக் கெழு (பிடிப்பு எவ்வளவுன்னு சொல்ற எண்) 0.8னு வெச்சா, வழுக்காம இருக்கக் குறைஞ்சது மணிக்கு 28 கிலோமீட்டர் வேணும். அதனாலதான் கீழ இருக்குற சாய்வுப் பலகையில சுத்தி வேகம் எடுத்துட்டு அப்புறம் நட்டுக்குத்தா ஏறுறாங்க.

"விண்வெளியில புவியீர்ப்பு இல்ல, அதான் மிதக்குறாங்க"

400 கிலோமீட்டர் உயரத்துல இருக்குற சர்வதேச விண்வெளி நிலையத்துல புவியீர்ப்பு இங்க இருக்குறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. அவங்களும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்காங்க, மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல போறதால தரையில வந்து மோதாம பூமியச் சுத்தி விழுந்துக்கிட்டே இருக்காங்க.

சடார்னு நிறுத்துறது

கடைசி சுத்துல வாளி கீழ வரும்போது கைய இறுக்கி நிறுத்தப் பாக்காதீங்க, வாளி நிக்கும், தண்ணி நிக்காது. வாளி போற திசையிலயே ரெண்டு மூணு எட்டு கூட நடந்து போங்க, ஊஞ்சல் அடங்குற மாதிரி அதுவே முன்னும் பின்னும் ஆடி அடங்கட்டும், அப்புறம் கீழ வைங்க.