ஆர்சிங்க் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒத்திசைக்க ஆர்சிங்க் அளவுக்கு நம்பத்தக்க கருவி வேறொன்றை நான் கையாண்டதில்லை. ஆன்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவர் 1996-இல் வெளியிட்ட இந்தக் கட்டளைக் கருவி, இருபக்கக் கோப்புகளின் அளவையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபடுபவற்றை மட்டும் அனுப்புகிறது. வலையமைப்பு வழியாக அனுப்பும்போது ஒரு கோப்புக்குள்ளேயே மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் திறனும் அதற்கு உண்டு.

கொடைக்கானலில் ஒளிப்படக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், சோலைக்காடுகளை ஆராய வருபவர்கள் எனப் பலருடைய வன்தட்டுகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இதைக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது எழுதிவைக்கத் தோன்றியது. பாதையைத் தவறாகத் தட்டச்சிடுவது, கடவுச்சொல்லை மறப்பது போன்றவற்றைக் கருவியே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலத்தட்டு இருக்கிறதா என்று பாராமல் டெலீட் கொடுப்பது

மூலத்தில் இல்லாத கோப்புகளை இலக்கிலிருந்தும் அழித்துவிடுவதே டெலீட் என்ற ஆப்ஷனின் வேலை. கற்றுக்கொடுக்கும் காணொளிகளில் ‘ஏ’ (உட்கோப்புறைகளையும் பண்புகளையும் சேர்த்து நகலெடுப்பது), ‘வி’ (நடப்பதைத் திரையில் காட்டுவது), ‘டெலீட்’ மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், பழகுபவர்கள் அதை ஆர்சிங்க் கட்டளையின் பிரிக்க முடியாத பகுதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இதன் விளைவை நேரில் பார்த்தவன் என்ற முறையில், இன்றைக்கும் அந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2018-இல் பழனி மலையில் குறிஞ்சி பூத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துச் சரிவுகளில் அந்தப் பருவம் முழுவதும் அலைந்து படமெடுத்த ஒளிப்படக்காரர் ஒருவர், அத்தனை படங்களையும் ஊர்வாரியாக, நாள்வாரியாகக் கோப்புறைகளில் அடுக்கி ஒரு வெளித்தட்டில் வைத்திருந்தார். அவருக்கு உதவியாக இருந்த தம்பி, இரண்டாவது தட்டு ஒன்றை வாங்கச் செய்து, இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும்படி க்ரானில் ஆர்சிங்க்கை அமைத்தார். மின்சாரம் வந்து போகும் ஊரில், தட்டு ஒருநாள் இணையாவிட்டால் கணினியே முழுமையாகத் தொடங்காமல் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும் என்பதை அறிந்து, எந்தத் தட்டு எங்கே பொருந்த வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’ என்றும் சேர்த்திருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் அவர் செய்த ஒவ்வொன்றும் சரி.

ஐப்பசி மழையில் ஒரு மாலை இடி இறங்கி, மின்னழுத்தம் ஏறி, முதல் தட்டு செத்துப்போனது. மின்சாரம் திரும்பியதும் கணினி தொடங்கியது. நோஃபெயில் இருந்ததால் தட்டு இல்லாததை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. தட்டு பொருத்தப்படும் இடம் என்பது கணினியின் சொந்தத் தட்டில் உள்ள ஒரு வெற்றுக் கோப்புறைதான். தட்டு இணையாவிட்டாலும் அந்தக் கோப்புறை அங்கேயே, காலியாக, இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் எழுந்தது, மூலத்தைப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டது, தனக்கு இடப்பட்ட கட்டளையின்படி இலக்கிலும் ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டு, எந்தப் பிழையும் இல்லை என்பதற்கு அடையாளமான சுழியத்தை முடிவு எண்ணாகத் தந்து முடிந்தது. மறுநாள் காலை அந்தத் தம்பி என்னை அழைத்து, “அண்ணே, ஒரு டிஸ்க் போயிருச்சு, ஆனா பயமில்ல, இன்னொண்ணுல எல்லாம் இருக்கு” என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு விபத்துகள் தற்செயலாக ஒன்றுசேர்ந்ததாக நினைப்பது தவறு என்பதே. எந்த ஆபத்துக்காகக் காப்புப் பிரதி வைத்தோமோ, அதாவது முதல் தட்டு சாவது, அதே ஆபத்துதான் காப்புப் பிரதியை அழிக்கும் கட்டளையையும் தூண்டிவிட்டது. இப்படி அமைத்த காப்பு, தேவைப்படும் நாளில் மட்டும் இல்லாமல்போகும்.

போட்டோரெக் என்ற மீட்புக் கருவியால் பெரும்பகுதிப் படங்களை எடுத்தோம். ஆனால் அது தட்டில் கிடக்கும் தரவிலிருந்து படங்களைத் துழாவி எடுப்பது என்பதால், கோப்புப் பெயரும் கோப்புறை அமைப்பும் திரும்பி வரவில்லை. எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தன, இடம் பதியவில்லை. ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கி, பின்னணியில் தெரியும் பாறையையும் யூகலிப்டஸ் தோப்பின் விளிம்பையும் வைத்து ‘இது கவுஞ்சிச் சரிவு, இது மன்னவனூர் புல்வெளி’ என்று அவர் மறுபடியும் பிரிக்க வேண்டியிருந்தது. அடையாளம் தெரியாத அண்மைப் படங்கள் ‘இடம் தெரியவில்லை’ என்ற பெயரிலேயே கிடக்கின்றன. குறிஞ்சி மறுபடி பூப்பது 2030-இல்தான்.

இதைத் தடுக்க எளிய வழி, தட்டின் பொருத்துமிடத்தையே மூலமாகக் கொடுக்காமல், தட்டுக்குள் இருக்கும் ஒரு கோப்புறையை மூலமாகக் கொடுப்பது. தட்டு இணையாதபோது அந்தக் கோப்புறையே இருக்காது. ஆர்சிங்க் பிழை சொல்லி 23 என்ற எண்ணுடன் வெளியேறும், எதையும் அழிக்காது. அதற்கு மேலும், ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் தட்டு உண்மையில் பொருந்தியிருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். மேக்ஸ்டெலீட் ஆப்ஷனில் 100 என்று கொடுத்தால், நூறு கோப்புகளுக்கு மேல் அழிக்காமல் நின்று, 25 என்ற எண்ணால் தெரிவிக்கும். மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஆகும் தட்டச்சு இரண்டு வரிகூட இல்லை.

மூலத்தட்டு பாதி செத்து, படிக்கும்போது பிழை காட்டினால், ஆர்சிங்க் தானாகவே அழிக்கும் வேலையைத் தவிர்த்து, தவிர்த்ததைச் செய்தியாகவும் சொல்லும். அந்தச் செய்தி தொல்லையாக இருக்கிறதென்று ‘இக்னோர் எரர்ஸ்’ ஆப்ஷனைச் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இருக்கும் ஒரே பாதுகாப்பையும் கழற்றி எறிவது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உண்மையில் காப்புப் பிரதிக்கு டெலீட் தேவையே இல்லை என்பது என் முடிவு. ஒரு தட்டைப் போலவே இன்னொரு தட்டு இருக்க வேண்டும் என்பது நகல்; நேற்று இருந்தது இன்றும் கிடைக்க வேண்டும் என்பது காப்பு. பின்னதற்கு ‘லிங்க்டெஸ்ட்’ இருக்கிறது: ஒவ்வோர் இரவும் அன்றைய தேதியில் ஒரு புதிய கோப்புறையை இலக்காகக் கொடுத்தால், மாறாத கோப்புகளுக்கு முந்தைய நாளின் கோப்புகளைச் சுட்டும் ஹார்ட் லிங்க் (தட்டில் உள்ள அதே தரவுக்கு இன்னொரு பெயர்) மட்டும் இடும். மாறியவை மட்டுமே இடம் பிடிக்கும். இலக்குத் தட்டு ஈஎக்ஸ்டி4 போல ஹார்ட் லிங்க்கை ஏற்கும் வடிவில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் தட்டில் இது நடக்காது.

சாய்வுக்கோடு

மூலப் பாதையின் முடிவில் சாய்வுக்கோடு இட்டால் கோப்புறையின் உள்ளடக்கம் மட்டும் போகும், இடாவிட்டால் கோப்புறையே போகும் என்பதை எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். டெலீட்டுடன் சேரும்போது எது ஆபத்து என்பதை யாரும் சொல்வதில்லை. சாய்வுக்கோடு இல்லாவிட்டால் அழித்தல் அந்த ஒரு கோப்புறைக்குள் அடங்கிவிடும். தேவையில்லாத இடத்தில் சாய்வுக்கோடு இட்டு, தட்டின் உச்சியை இலக்காகக் கொடுத்தால், அங்கிருக்கும் மற்ற எல்லாக் கோப்புறைகளும் ‘மூலத்தில் இல்லாதவை’ ஆகிவிடும்.

டிரை ரன்னை ஓட்டிவிட்டுப் படிக்காமல் விடுவது

‘என்’ போட்டு, எதையும் மாற்றாமல் டிரை ரன் என்னும் ஒத்திகை பார்ப்பவர்களில் பெரும்பாலோர், ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் ஓடி முடிவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ‘ஐ’ ஆப்ஷனையும் சேர்த்தால், அழிக்கப்படவிருக்கும் ஒவ்வொரு கோப்பும் உடுக்குறியுடன் ‘டெலீட்டிங்’ என்று தொடங்கும் வரியாக வரும். அந்த வரிகளை மட்டும் வரிகளைத் தேடியெடுக்கும் ‘கிரெப்’ கட்டளை கொண்டு பிரித்து எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை வராவிட்டால் உண்மையான கட்டளையை ஓட்டாதீர்கள்.

பாதுகாப்புக்கு என்று செக்சம் சேர்ப்பது

‘சி’ (செக்சம்) கொடுத்தால் நேரத்தை விட்டுவிட்டு, அளவு ஒத்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும் இருபுறமும் முழுதாகப் படித்து ஒப்பிடும். இது கூடுதல் பாதுகாப்பு என்று நம்பித் தினசரிக் காப்பில் சேர்க்கிறார்கள். மூலத்தட்டு பழுதாகி ஒரு படத்தின் உள்ளே சில பைட்டுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போயிருந்தால், அளவும் நேரமும் மாறியிருக்காது. வழக்கமான ஒப்பீட்டில் ஆர்சிங்க் அதைத் தொடாது, காப்பில் உள்ள நல்ல பிரதி பிழைக்கும். ‘சி’ இருந்தால், கெட்ட கோப்பை ‘மாறியது’ என்று கண்டுபிடித்து நல்லதன் மேலேயே எழுதிவிடும். செக்சம்மை எப்போதும் டிரை ரன்னுடன் மட்டும், மாதம் ஒருமுறை, சோதனையாக ஓட்டுங்கள். நீங்கள் தொடாத பழைய படம் ஒன்று பட்டியலில் வந்தால், தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஜேபெக் படங்களுக்கு ‘இசட்’ கொடுப்பது

‘இசட்’ என்பது தரவைச் சுருக்கி அனுப்புவது. ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, செயலியின் நேரம் வீண்.

லிங்க்டெஸ்ட் தட்டை வேறு தட்டுக்கு மாற்றும்போது பெரிய ‘எச்’ஐ விடுவது

ஹார்ட் லிங்க்குகளை அப்படியே வைத்து நகலெடுப்பது பெரிய ‘எச்’; ‘ஏ’ ஆப்ஷனில் அது அடங்காது. அதை விட்டால் ஒவ்வொரு நாளின் பிரதியும் முழு அளவில் நகலாகும். புதிய தட்டு நிரம்பி வழியும்.

ஃபேட் வடிவத் தட்டில் ஒவ்வொரு முறையும் எல்லாம் மறுபடி நகலாவது

பென் டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32 நேரத்தை இரண்டு வினாடித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். மூலத்தில் ஒற்றைப்படை வினாடியில் பதிந்த கோப்பு எப்போதும் மாறியதாகவே தெரியும். இத்தனை வினாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் மாடிஃபை விண்டோ ஆப்ஷனில் 1 என்று கொடுத்தால் தீரும். ‘சைஸ் ஒன்லி’ கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். அளவு மாறாமல் திருத்திய கோப்புகள் விடுபட்டுப்போகும்.

அறுந்த இணைப்பில் ‘அப்பெண்ட்’

மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால் இணைய இணைப்பும் அறுவது இங்கு வழக்கம். பெரிய காணொளிக் கோப்பைச் சமவெளியில் உள்ள கணினிக்கு அனுப்பும்போது பாதியில் நின்றால், ஆர்சிங்க் இயல்பாக அந்தப் பாதியை எறிந்துவிடும். அதற்காக, நின்ற இடத்திலிருந்து மீதியை ஒட்டும் ‘அப்பெண்ட்’ சேர்ப்பது தவறு: ஏற்கெனவே போன பகுதி சரியாகத்தான் இருக்கிறது என்று அது ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும். ‘பார்ஷியல்டிர்’ கொடுத்தால், பாதிக் கோப்பு தனிக் கோப்புறையில் காத்திருக்கும், அடுத்த முறை அதிலிருந்து தொடரும், முழுக்கோப்பின் பெயரில் உட்கார்ந்து யாரையும் ஏமாற்றாது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளை மேக்கிலிருந்து கொண்டுவருவது

தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். என் கோப்புறைகள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன. ஆனால் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியாகவும், முன்கொம்பு தனியாகப் பின்பகுதி தனியாக இரண்டு குறிகளாகவும். லினக்ஸ் நீங்கள் தட்டச்சிட்டதை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய மேக் தட்டுகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் அதைப் பிரித்துத்தான் வைக்கும். அதனால் ‘கொடைக்கானல்’ என்ற ஒரே கோப்புறை, ஒத்திசைத்த பின் லினக்ஸ் தட்டில் இரண்டாகத் தெரியும், கண்ணுக்கு எந்த வேறுபாடும் இருக்காது. இரட்டிப்பாகிவிட்டதே என்று ஒன்றை அழிப்பவர், எதில் முழுப்படங்கள் இருக்கின்றன என்று திறந்து பார்க்காமல் அழிக்கக் கூடாது. பெயர்களின் குறிமுறையை மாற்றித் தரும் ‘ஐகான்வ்’ ஆப்ஷனில் மேக் பக்கத்துக்கு யூடிஎஃப்-8-மேக் என்றும் மறுபக்கத்துக்கு யூடிஎஃப்-8 என்றும் குறிப்பிட்டால் இது நேராகிவிடும். இந்த ஆப்ஷன் 3.0 பதிப்பில்தான் வந்தது. மேக் கணினிகளில் நெடுங்காலம் உடன்வந்த 2.6.9 பதிப்பில் இல்லை, எனவே புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

பெயரின் நீளத்தையும் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகள்தான் தரும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளே. 85 குறிகளைத் தாண்டிய பெயருடைய கோப்பு அங்கே போகாது. விண்டோஸ் தட்டிலிருந்து நீண்ட தலைப்புள்ள கோப்புகளைக் கொண்டுவரும்போது, பதிவுக் கோப்பின் கடைசி வரிகளில் 23 என்ற எண் இருந்தால், விடுபட்டவை எவை என்று மேலே தேடிப் பார்த்து, பெயரைச் சுருக்கி, மறுபடி ஓட்டுங்கள்.