சென்சார் பெரிதானால் படம் வெளிச்சமாகுமா? கேம்பல் லேன் பூக்கடையில் ஒரு சோதனை

தீபாவளி ஒளியூட்டைப் படமெடுக்கச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வரும் புதியவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஃபுல் ஃபிரேம் வாங்கினா ராத்திரிப் படம் பளிச்சுன்னு வருமா?" விடையை ஒரே மாலையில் நீங்களே பார்த்துவிடலாம். வேறு அளவு சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) உள்ள கேமரா வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் சென்சார் எது?

ஃபுல் ஃபிரேம் 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6, கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. ஃபுல் ஃபிரேமை 1 என்று வைத்தால் ஏபிஎஸ்-சிக்கு 1.5, கேனனுக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. இதுதான் கிராப் ஃபேக்டர்: ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டம் அந்தச் சென்சாருடையதைப் போல எத்தனை மடங்கு என்ற எண்.

படி 2: வெளிச்சம்

கேம்பல் லேனில் மாலை தொடுக்கும் கடை எதிரே நில்லுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தூக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. குவியத் தூர லென்ஸ், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. லென்ஸ் (25-ஐ கிராப் ஃபேக்டர் 2-ஆல் பெருக்கினால் 50), ஒரே இடத்திலிருந்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே காட்சி கிடைக்கும். இரண்டையும் மேனுவலில் எஃப் 2.8 (லென்ஸின் துளை; எண் சிறிதானால் துளை பெரிது), 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 1600 (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அமைப்பு) என்று வையுங்கள்.

இரண்டு படமும் ஒரே வெளிச்சத்தில்தான் இருக்கும். அடுக்குமாடி புளோக்கில் மூங்கில் கழியில் கைக்குட்டையும் போர்வையும் காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அங்குலத்திலும் விழும் வெயில் ஒன்றுதான். ஆனால் மொத்தமாக வாங்கிய வெயில் போர்வைக்கு அதிகம். எக்ஸ்போஷர் என்பது அந்த அங்குலக் கணக்கு. அதைச் சென்சாரின் அளவு மாற்றாது.

மொத்தக் கணக்கு வேறு இடத்தில் தெரியும். ஃபுல் ஃபிரேமின் பரப்பு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. தொங்கும் மாலைகளுக்கு நடுவே உள்ள இருட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மொத்த ஒளி குறைவு என்பதால் சிறிய சென்சாரில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கூடுதலாக இருக்கும்.

படி 3: பின்னணி மங்கல்

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். விரலிடுக்கில் இருக்கும் மல்லிகை மொட்டில் ஃபோக்கஸ் வையுங்கள். ஃபுல் ஃபிரேமில் பின்னாலுள்ள பல்புகள் பெரிய வட்டங்களாகக் கரையும். மற்றதில் வட்டங்கள் பாதி அளவுதான். காரணம் லென்ஸின் துளை. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அதன் விட்டம் வரும். 50-ஐ 2.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 மி.மீ.; 25-ஐ வகுத்தால் 9.

இப்போது ஃபுல் ஃபிரேமை எஃப் 5.6-க்கு மாற்றுங்கள். துளை அங்கேயும் 9 ஆகிவிடும், வட்டங்களும் ஒத்துப்போகும். வெளிச்சம் குறைந்ததை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 6400 வையுங்கள். நாய்ஸும் ஏறக்குறைய சமமாகிவிடும்! பெரிய சென்சாரின் ஆதாயம் அந்தப் பெரிய துளையோடு வந்தது என்பது இங்கே கண்ணெதிரே தெரியும். ஆகவே மங்கலை ஒப்பிடும்போது எஃப் எண்ணையும் கிராப் ஃபேக்டரால் பெருக்குங்கள். எக்ஸ்போஷருக்குப் பெருக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

போனிலும் இதே கதைதான். முதன்மை லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்களே என்பதால் துளையும் மிகச் சிறியது. போர்ட்ரெய்ட் மோடின் மங்கலைப் பெரும்பாலும் மென்பொருள்தான் உருவாக்குகிறது.

படி 4: எதை வாங்குவது?

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் முதலில் எஃப் 1.4 அல்லது 1.8 லென்ஸ் ஒன்று வாங்குவதே நல்லது என்பேன். பெரிய துளை அதிலேயே கிடைத்துவிடும். பெரிய சென்சார் உதவாத இடமும் உண்டு: தைப்பூசத்தில் காவடியைக் கிட்டத்திலிருந்து எடுக்கும்போது முகமும் மயிலிறகும் சேர்ந்து தெளிவாக விழ வேண்டும். ஏபிஎஸ்-சியில் எஃப் 5.6 தருகிற தெளிவு வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேமை எஃப் 8 வரை மூட வேண்டும், ஐஎஸ்ஓவையும் ஏற்ற வேண்டும். அந்த விடியற்காலை இருட்டில் உங்கள் கையிலிருக்கும் கேமராவே போதும்.